கடைக்காரர் நீட்டும் ஒப்பந்தத்தை நம்பி வேலையை விடலாமா?

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். மாலை நேரங்களில் தஞ்சாவூர் ஓவியம் செய்து தெரிந்தவர்களுக்கு விற்றுவருகிறேன். கைவினைக் கடை நடத்தும் ஒருவர், மாதம் ஆறு படங்கள் கொடுத்தால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, விற்றபின் பணம் தருவதாகச் சொல்கிறார். அவர் கொடுத்த ஒப்பந்தத்தில், 'வடிவமைப்புகள் அனைத்தும் கடைக்கே உரியவை' என்று ஒரு வரி உள்ளது. வேலையை விட்டுவிட்டு இதில் முழுநேரமாக இறங்கலாமா?

பதில்: இந்த ஒப்பந்தத்தை நம்பி வேலையை விடாதீர்கள். அந்தக் கடைக்காரர் உங்கள் படங்களை இன்னும் விலைக்கு வாங்கவில்லை. தம் பணம் எதையும் போடாமல், உங்கள் பணத்தில் தம் கடைச் சுவரை நிரப்பிக்கொள்கிறார். பலகை, துணி, மக்கு வேலைக்கான (படத்தில் புடைப்பு எழுப்பும் வேலை) தூள், ஜெய்ப்பூர் கற்கள், 22 காரட் தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) எல்லாம் உங்கள் செலவு. மூன்று மாதங்களில் பதினெட்டுப் படங்கள் அவரிடம் இருக்கும். நான்காம் மாதம் ரேக்கு வாங்கப் பள்ளிச் சம்பளமும் இருக்காது. ஆறு படங்களில் இரண்டையாவது உடனடி விலைக்கு எடுத்துக்கொள்ளும்படி கேளுங்கள். அவர் மறுத்தால், விற்பனையில் அவருக்கே நம்பிக்கையில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

மீதிப் படங்களை விற்பனைக்காக வைப்பதாக இருந்தால், ஒவ்வொன்றுக்கும் டெலிவரி சலான் (பொருளை ஒப்படைத்ததற்கான சீட்டு) போட்டு, படத்தின் அளவு, கற்களின் வகை, உங்களுக்குச் சேரவேண்டிய தொகை, விற்காவிட்டால் திருப்பித் தரவேண்டிய தேதி ஆகியவற்றை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கொடுக்கும் நாளிலேயே முன்புறமும் பின்புறமும் புகைப்படம் எடுத்துவையுங்கள். இதை நான் யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை. ஏனெனில் கணக்குத் தீர்க்கும் நாளில்தான் 'கல் உதிர்ந்திருந்தது, கண்ணாடி விரிசல் விட்டிருந்தது' என்ற பேச்சு கிளம்பி, பாதி விலை கழிக்கப்படும். கையில் சலான் இல்லாதவருக்கு எந்த வழக்கறிஞராலும் பெரிதாக உதவ முடியாது.

முதல் படத்தை அனுப்பும் முன்பே, சிறு, குறு தொழில்களுக்கான அரசுப் பதிவாகிய உத்யம் பதிவைச் செய்துவிடுங்கள். சிறு, குறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, விலைக்கு வாங்கியவர் எவ்வளவு தவணை எழுதிக்கொண்டாலும் 45 நாட்களுக்குள் பணம் தரவேண்டும்; தாமதித்தால் கூட்டுவட்டி உண்டு. இதற்கான மன்றம் 90 நாட்களில் தீர்ப்புச் சொல்லவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அந்தக் கெடுவை யாரும் மதிப்பதில்லை. சில ஆயிரம் ரூபாய்க்காகக் கைவினைஞர் மாதக்கணக்கில் அலையவேண்டியிருப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது. உத்யம் பதிவுக்கு அரசு ஒரு ரூபாயும் வாங்குவதில்லை. ஆயினும் அரசுத் தளம் போலவே தோன்றும் இணையத்தளங்களும், 'கைவினைஞர் அட்டை வாங்கித் தருகிறோம், விருது வாங்கித் தருகிறோம்' என்று வீடு தேடி வரும் தரகர்களும் ஆயிரக்கணக்கில் கறக்கிறார்கள். காசு கேட்டுக் கொடுக்கப்படும் விருதால் ஒரு படம்கூடக் கூடுதலாக விற்காது. ஜிஎஸ்டி பற்றி இப்போது கவலைப்படாதீர்கள். மாநிலத்துக்குள் விற்கும் வரை, ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாதவருக்கு அந்தப் பதிவு தேவையில்லை.

இனி 'வடிவமைப்புகள் அனைத்தும் கடைக்கே உரியவை' என்ற அந்த ஒற்றை வரிக்கு வருவோம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்களாக வரைந்த படத்தின் பதிப்புரிமை உங்களுடையது. படத்தை விற்றாலும் அந்த உரிமை தானாகக் கைமாறாது. வெண்ணெய்க் கண்ணன் பொதுச் சொத்துதான். ஆனால் அவனை அமர்த்திய விதம், மண்டப வளைவு, நகை அமைப்பு ஆகியவற்றை நீங்களாகவே யோசித்து வரைந்திருந்தால் அந்தப் படம் உங்களுடையது. கையெழுத்திட்ட எழுத்து ஆவணம் இருந்தால்தான் உரிமை மாறும். அந்த ஆவணத்தைத்தான் இப்போது அவர் உங்கள் முன் நீட்டியிருக்கிறார். கையெழுத்திட்டபின் உங்கள் கண்ணனை அவர் நாட்காட்டியிலும் திருமண அழைப்பிதழிலும் அச்சிட்டு விற்றால் உங்களால் பணம் கேட்க முடியாது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அது பலரைக் கவிழ்த்திருப்பதால் விரித்தே சொல்கிறேன். ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில், பணத்துக்காக, அவருக்கென்றே ஓவியம் வரைந்து கொடுத்தால், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத வரை, பதிப்புரிமை அந்தப் பணம் கொடுத்தவருக்கே போகும் என்கிறது 17ஆம் பிரிவு. வீட்டில் நீங்களாக வரைந்து வைத்திருந்த இராமர் பட்டாபிஷேகத்தைக் கடைக்காரர் வாங்கினால் உரிமை உங்களிடம் இருக்கும். அதே படத்தை 'நாலடி அகலத்தில், அனுமனை இடப்பக்கம் வைத்து வரைந்து கொடுங்கள்' என்று அவர் ஆர்டர் கொடுத்து முன்பணமும் தந்திருந்தால், அந்த வரி ஒப்பந்தத்தில் இல்லாவிட்டாலும் உரிமை அவருடையதாகிவிடும். ஆகையால் அந்த வரியை அடிக்கச் சொல்வது மட்டும் போதாது. அதற்குப் பதிலாக, 'ஆர்டரின்பேரில் வரைந்தவை உட்பட எல்லா ஓவியங்களின் பதிப்புரிமையும் ஓவியருக்கே உரியது. கடைக்கு அசல் படத்தை விற்கும் உரிமை மட்டுமே உண்டு' என்று எழுதச் சொல்லுங்கள்.

அவர் இதற்கு ஒப்புக்கொண்டால், பள்ளி வேலையில் இருந்துகொண்டே மாதம் இரண்டு படங்கள் என்ற கணக்கில் தொடங்குங்கள். ரேக்கு, கற்கள், படத்துக்கான மரச்சட்டம் ஆகியவற்றின் செலவு போகக் கையில் நிற்கும் தொகை, ஓராண்டு முழுக்க, ஆடி மாதத்தையும் சேர்த்து, உங்கள் சம்பளத்தை எட்டினால் அப்போது ராஜினாமாக் கடிதம் எழுதலாம்.