ஒரே கல்யாணம், வேறு முகங்கள்

அன்புள்ள அண்ணா,

கரூரில் கல்யாணப் போட்டோகிராபராக இருக்கிறேன். வேலைக்குக் குறைவில்லை. ஆனால் மண்டபத்துக்குள் நுழைந்ததும் கை தானாக எடுத்துக்கொண்டு போகிறது, மனசு ஒட்டவில்லை. முகங்களை மாற்றிவிட்டால் எல்லா ஆல்பமும் ஒரே கல்யாணம்தான். இன்ஸ்டாகிராமைப் பார்த்துப் புதுப் புது போஸ் வைத்தும் அலுப்பு தீரவில்லை. என்ன செய்யலாம்?

வாசகர், கரூர்

அன்புள்ள தம்பி,

இன்ஸ்டாகிராமை முதலில் மூடுங்கள். அங்கே போஸ் தேடுகிற பாதிப் பேர் உங்களைப் போலவே அலுத்தவர்கள்.

லைட்ரூம் மென்பொருளில் கடைசி ஐந்து கல்யாணங்களைத் திறந்து, மெட்டாடேட்டா (படத்தோடு பதிவாகும் விவரங்கள்) பில்டரில் ஃபோகல் லென்த்தை, அதாவது லென்ஸ் எவ்வளவு நெருக்கிக் காட்டியது என்ற மிமீ எண்ணைப் பாருங்கள். 24-70 ஜூம்காரர்களுக்குப் பெரும்பாலும் 24-இலும் 70-இலும்தான் படங்கள் குவிந்துகிடக்கும். காலை நகர்த்தாமல் ஜூம் வளையத்தைத் திருப்பியே ஓட்டியிருக்கிறோம் என்று அர்த்தம். அடுத்த வரவேற்புக்கு 35 பிரைம் (ஜூம் இல்லாத 35 மிமீ லென்ஸ்) மட்டும் மாட்டுங்கள். ஜூம் பைக்குள் இருக்கட்டும். குரூப் போட்டோவுக்கு வேண்டும். இந்தப் பரீட்சையை முகூர்த்தத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

முகூர்த்தத்தில் மாற வேண்டியது நிற்கிற இடம். தாலி கட்டும்போது முன்னால் நின்றால் கிடைப்பது பெரும்பாலும் குனிந்த மாப்பிள்ளையின் உச்சந்தலை. அந்தப் படமும் கட்டாயம் வேண்டும், அதை உதவியாளரிடம் விடுங்கள். நீங்கள் வீடியோக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, பெண்ணுக்குப் பின்னால் நாத்தனார் தோளை ஒட்டி நில்லுங்கள். பல வீடுகளில் கடைசி முடிச்சு நாத்தனாருடையது. பூச்சடையை ஒரு கையால் தூக்கி, மறு கையால் மஞ்சள் கயிற்றைத் துழாவுவார். லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஷட்டர் வேகம் 1/250 நொடி, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 3200-இல் தொடங்கலாம். கண்ணைத் தேடும் ஆட்டோஃபோகஸ் இங்கே காலை வாரும். முகம் கிடைக்காமல் மல்லிகைப்பூவில் போய் உட்காரும். ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாற்றி, அந்தப் புள்ளியை நாத்தனாரின் விரலில் வையுங்கள். அட்சதை 1/60-இல் கோடாக இழுபடும், 1/800-இல் மணிமணியாக நிற்கும். எது வேண்டுமென்று மேடையேறும் முன்பே முடிவெடுங்கள்.

நேரம் தவறாமலிருக்க ஒரு வழி: கெட்டிமேளத்துக்காகத் தவில்காரர் ஐயரின் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் தவில்காரரின் குச்சியை ஓரக்கண்ணால் பாருங்கள்.

ஓமப் புகை சலிப்பூட்டுவது ஃபிளாஷால். முன்னாலிருந்து அடித்தால் படம் முழுக்க வெள்ளை மூட்டம். வீடியோ லைட்டைப் புகைக்குப் பின்னால் சாய்வாக வைத்தால் ஒவ்வொரு சுருளும் தனியாகத் தெரியும். மேடையில் எல்இடி சுவர் இருந்தால் சைலண்ட் ஷட்டர் (சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர்) வேண்டாம். பெரும்பாலான கேமராக்களில் சென்சார் வரி வரியாகப் படிப்பதால் படத்தில் பட்டை விழும். மெக்கானிக்கல் ஷட்டரில் 1/100-க்கு இறங்கினால் பெரும்பாலும் சரியாகும்.

மதுரைக்குப் போனால் மீனாட்சியம்மன் கோயில் கம்பத்தடி மண்டபத் திருக்கல்யாணச் சிற்பத்தின் முன் கால் மணி நேரம் நில்லுங்கள். நடுவில் நாணிய மீனாட்சி, ஒரு பக்கம் கைப்பிடிக்கும் சுந்தரேசுவரர், மறுபக்கம் தாரை வார்க்கும் திருமால். மூன்றே பேர். யார் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நம் மேடைப் படத்தில் பதினைந்து பேரை நிறுத்தியும் அந்தக் கைகள் கிடைப்பதில்லை.

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இருக்காது. அப்போது பழைய கல்யாணங்களிலிருந்து யாரும் கேமராவைப் பார்க்காத படங்களாக 20 பொறுக்கி, 4-க்கு 6 அளவில் பிரிண்ட் போட்டு மேஜையில் பரப்புங்கள். மொய் எழுதும் மேஜை, பந்தியில் இலை போடுகிறவர், மெட்டி போடக் குனிகிற மாப்பிள்ளை என்று ஏதாவது தேறும். இருபது தேறவில்லையென்றால், ஆவணியின் முதல் முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே மண்டபத்துக்குப் போய், சமையல்கட்டிலிருந்து ஆரம்பியுங்கள்.