செவ்வந்தி டீ குடித்தும் வாய்ப்புண் ஆறவில்லையா?

கேள்வி: சிங்கப்பூரில் இரவு ஷிஃப்ட் வேலை. அடிக்கடி வாய்ப்புண் வருகிறது. உடம்புச் சூடு என்று சொன்னதால் தினமும் மூன்று கப் செவ்வந்தி டீ குடிக்கிறேன். புண் ஆறவில்லை. இப்போது மலம் இளகிப் போகிறது, கை கால் சில்லிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த டீயை நிறுத்துங்கள். எந்தச் சூடு என்று பார்க்காமல் குளிர்ச்சி கொடுப்பதுதான் இதில் பலரும் செய்யும் தவறு.

சீன மருத்துவம் சூட்டைப் பிரித்துப் பார்க்கிறது. டுரியானும் பொரித்த கோழியும் தின்று ஏறுவது நிறைசூடு. புண் சிவந்து கடுமையாக வலிக்கும், மலம் இறுகும், குளிர்ந்த நீர் கேட்கும், நாக்கில் தடித்த மஞ்சள் படிவு இருக்கும். செவ்வந்தி இதற்குத்தான் உதவும்: உலர்ந்த பூ 5 முதல் 10 கிராம், அரை லிட்டர் கொதிநீர், பத்து நிமிடம். இரண்டு மூன்று நாள் போதும்.

தூக்கம் கெட்டு உடலின் ஈரம் வற்றுவதால் வருவது குறைசூடு. உள்ளங்கை, உள்ளங்கால் எரியும், இரவில் வியர்க்கும், நாக்கு படிவில்லாமல் சிவந்து வெடித்திருக்கும். இதற்கு உலர்ந்த லில்லிக் கிழங்கு, உலர்ந்த வெள்ளைக் காளான் (ஸ்நோ ஃபங்கஸ்) போன்றவை பொருந்தும். காளானை ஒரு மணி நேரம் ஊறவைத்தால் போதும். இரவு முழுக்க வெளியில் ஊறவிடாதீர்கள். அதில் கொடிய நச்சு உருவாகலாம்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் இந்த இரண்டிலும் சேராதவை. அடிக்கடி வரும் புண், இளகிய மலம், சில்லிட்ட கை கால் மூன்றும் செரிமான பலம் குறைந்ததைக் காட்டுகின்றன. பலக்குறைவே உடலின் மேற்பகுதியில் சூடாகக் காட்டும் என்பதை 13ஆம் நூற்றாண்டிலேயே சீன மருத்துவர் லி தோங்யுவான் விளக்கினார். இங்கே குளிர்ச்சியான டீ குடிக்கக் குடிக்க வயிறுதான் மேலும் தளரும்.

காலையில் பல் துலக்கும் முன், பகல் வெளிச்சத்தில் நாக்கைப் பாருங்கள். காபியோ மஞ்சளோ பட்டால் நிறம் ஏமாற்றும். வெளிறி, உப்பி, ஓரத்தில் பல் தடம் பதிந்திருந்தால் என் கணிப்பு வலுப்படும்.

அப்படியானால் இரண்டு வாரம் இதைச் செய்து பாருங்கள். அரிசி 50 கிராம், உலர்ந்த சீன வள்ளிக்கிழங்கு (ஹுவாய் ஷான்) 20 கிராம், கொட்டை நீக்கிய சிவப்புப் பேரீச்சை (சீன இலந்தைப் பழம்) நான்கு. ஒரு லிட்டர் நீரில் முக்கால் மணி நேரம் குழையக் காய்ச்சி, ஷிஃப்ட் முடிந்ததும் சூடாகக் குடியுங்கள். ஐஸ் போட்ட பானம் வேண்டாம். சர்க்கரை நோய் இருந்தால் பேரீச்சையை விட்டுவிடுங்கள்.

சூடு தணிக்கவென்று, கசப்பு மிகுந்த ஹுவாங்லியானை நீங்களாக வாங்கிக் குடிக்காதீர்கள். ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள பச்சிளங்குழந்தைகளுக்கு மஞ்சள்காமாலை வரும் அபாயத்தால் சிங்கப்பூர் 1978இல் தடைசெய்து, 2013 முதல் தளர்த்திய மூலிகை அது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள், செவ்வந்தி டீயில் சேர்க்கும் கோஜி பெர்ரியையும் தவிர்க்க வேண்டும்.

ஒரே புண் இரண்டு, மூன்று வாரம் ஆறாமல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அடிக்கடி வருவதால் இரும்புச்சத்து, பி12 ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். சீன மருத்துவரிடம் போவதென்றால் பதிவு பெற்றவரா என்று உறுதிசெய்துகொண்டு போங்கள்.