வாசலுக்கு வராத நாளிதழ்: பணம் வாங்கியவர் யார்?

கேள்வி: ஊரப்பாக்கத்தை அடுத்த புதிய மனைப்பிரிவு ஒன்றில் வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். ஒரு தமிழ் நாளிதழும் ஓர் ஆங்கில நாளிதழும் வாங்குகிறோம். வாரத்தில் இரண்டு நாளாவது ஏதேனும் ஒன்று வருவதில்லை. வந்தாலும் எட்டரை மணிக்குமேல்தான் வருகிறது. மாதக் கடைசியில் முகவர் முழுப் பணமும் கேட்கிறார். வராத நாட்களைச் சொன்னால், "பையன் போட்டேன் என்கிறானே" என்கிறார். வேறு முகவரிடம் கேட்டால், அது தம்முடைய லைன் (அவர் நாளிதழ் போடும் தெருக்கள்) இல்லை என்று மறுக்கிறார். நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் பகுதியில் இது ஏன் நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம், அது தெரிந்தால் யாரிடம் எதைக் கேட்பது என்பதும் தெளிவாகும். இரவில் அச்சாகும் நாளிதழ்க் கட்டுகளை விடியலுக்கு முன்பே வேன்கள் சாலையோரத்தில் குறிப்பிட்ட இடங்களில் இறக்கிவிட்டுப் போகின்றன. முகவர் அங்கேயே அவற்றைப் பிரித்து, இணைப்புகளையும் துண்டுப் பிரசுரங்களையும் உள்ளே செருகி, லைன் வாரியாகப் பையன்களிடம் கொடுக்கிறார். முகவருக்குக் கிடைப்பது நாளிதழின் விலையில் ஒரு பங்கான கழிவு; பையனின் சம்பளமும் அதிலிருந்துதான் போக வேண்டும். நெருக்கமான பழைய தெருவில் ஒரே மிதியில் பத்து வீடுகளுக்குப் போட்டுவிடலாம். வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையே மனைப்பிரிவுகள் பெருகிக்கொண்டே போகின்றன. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டபின் குடிவருவோர் இன்னும் கூடியிருக்கிறார்கள். ஆயினும் புதிய தெருக்களில் நாலு காலி மனைக்கு ஒரு வீடு என்ற நிலைதான் பல இடங்களில் இருக்கிறது. பெயர்ப்பலகை இல்லாத தெரு, மனை எண் ஒன்றும் கதவு எண் வேறொன்றுமாக இருக்கும் வீடு, மழைக்காலத்தில் தேங்கும் தண்ணீர், துரத்தும் தெருநாய்கள் ஆகிய எல்லாம் சேர்ந்து அந்த லைனை யாரும் விரும்பாத லைனாக ஆக்கிவிடுகின்றன. பையன் ஒருநாள் வராவிட்டால் முதலில் விடுபடுவது இத்தகைய கடைசித் தெருக்களே.

இதைச் சொல்வது முகவருக்கு வக்காலத்து வாங்குவதற்காக அன்று. கட்டுப்படியாகாத லைன் என்றால் அதை ஏற்காமல் இருக்கலாம், அல்லது விநியோகக் கட்டணம் இவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லலாம். போடாத நாளிதழுக்குப் பணம் கேட்க அது காரணமாகாது.

இனி உங்கள் பிடி எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். மாதாமாதம் முகவரிடம் பணம் கொடுக்கிறீர்கள் என்றால், உங்களுக்குப் பொறுப்பானவர் முகவரே. நாளிதழ் நிறுவனம் அவருக்குப் பிரதியை விற்பதோடு சரி என்று வாதிட இடமுண்டு. ஆகவே அவரிடமிருந்து பற்றுச்சீட்டு வாங்குவதே முதல் வேலை. பொருளுக்கோ சேவைக்கோ உரிய சீட்டைத் தராமலிருப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறைகளுள் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. அச்சடித்த சீட்டு இல்லையென்றால் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கட்டும். கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பினால், எந்த மாதத்துக்கு, எந்த நாளிதழுக்கு என்பதைக் குறிப்புப் பகுதியில் எழுதுங்கள்.

அடுத்து, நாட்காட்டியில் வராத நாளைக் குறிப்பது போதாது; அன்றைக்கே முகவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிட வேண்டும். மாதக் கடைசியில் எட்டு நாளை ஒன்றாகச் சொன்னால் அது வாக்குவாதமாகத்தான் முடியும். அன்றன்று நேரத்தோடு பதிவான செய்தி இருந்தால் "பையன் போட்டேன் என்கிறான்" என்ற பதிலுக்கு வலுவிருக்காது. கழிக்க வேண்டிய தொகையையும் நீங்களே கணக்கிடுங்கள். விலை முதல் பக்கத்திலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விலை கூடுதலாக இருக்குமானால் அதைத் தனியாகக் கணக்கிட வேண்டும். பண்டிகைக்கும் தேசிய விடுமுறைக்கும் அச்சகம் மூடப்பட்டால் மறுநாள் நாளிதழ் வெளிவராது. அதை முந்தைய நாள் இதழிலேயே அறிவித்துவிடுவார்கள். அந்த நாளை முகவர் போடாத நாட்களோடு சேர்க்காதீர்கள்.

வேறு முகவர் மறுத்ததைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஒருவர் லைனில் மற்றவர் நுழைவதில்லை என்பது அவர்களுக்குள் இருக்கும் ஏற்பாடு. அதை உடைக்கும்படி ஒரு முகவரைக் கட்டாயப்படுத்த உங்களால் இயலாது. ஆனால் நாளிதழின் விற்பனைப் பிரிவால் இயலும். அச்சிட்டு வெளியிடுபவரின் பெயரும் முகவரியும் வழக்கமாக இதழின் கடைசிப் பக்க அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். அந்த முகவரிக்கு எழுதுங்கள். தனியொரு வீடு எழுதினால் கடிதம் மீண்டும் அதே முகவரிடமே வந்துசேரும். இருபது வீடுகள் தெருப்பெயர், மனை எண், கதவு எண், வேண்டிய நாளிதழ் ஆகியவற்றோடு ஒரே பட்டியலாக எழுதினால், அது புகாராக மட்டும் நிற்காமல் புதிய லைனுக்கான வேண்டுகோளாகவும் ஆகிவிடுகிறது. விற்பனைப் பிரிவினர் அதைப் படிக்கும் விதமே வேறு. உங்கள் குடியிருப்போர் நலச்சங்கம் செய்ய வேண்டிய வேலை இது. கூடவே, தெருமுனையில் மனை எண்களோடு ஒரு பலகையும், வாசல் கேட்டில் நாளிதழ் செருக ஒரு பிவிசி குழாய்த் துண்டும் வைத்துவிட்டால், "வீடு தெரியவில்லை, நனைந்துவிட்டது" என்ற இரண்டு சமாதானங்களும் அடங்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஏழு மணிக்குள் வர வேண்டும் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. எத்தனை மணிக்குள் என்பதை முகவரிடம் எழுத்தில் பேசிவைத்திருந்தால் மட்டுமே தாமதத்தைச் சேவைக் குறைபாடு என்று அழுத்திச் சொல்ல முடியும்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி பையனை மேலே விடுவதில்லை. கீழே போட்டுவிட்டுப் போகும் நாளிதழ் சில நாள் காணாமல் போகிறது. முகவர் மாதம் தனியாக விநியோகக் கட்டணமும் வாங்குகிறார். இது முறையா?

பதில்: அச்சிட்ட விலைக்குமேல் கொண்டுவந்து தரும் கூலியாக ஒரு தொகையை, முன்பே சொல்லி, நீங்களும் ஒப்புக்கொண்டிருந்தால் வாங்கலாம். அது வீட்டுக் கதவு வரைக்கான கூலி என்றால், கீழேயே போட்டுவிட்டுப் போகும் மாதங்களில் அதைத் தர மறுக்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் பையனைத் தடுத்தது உங்கள் சங்கமே என்பதால், காணாமல் போன பிரதிக்கு முகவரைக் குறை சொல்ல முடியாது. காலை ஒரு மணி நேரத்துக்கு அடையாள அட்டையோடு அனுமதிப்பதா, அல்லது கீழே வீட்டு எண்ணிட்ட அறைப்பெட்டி வைப்பதா என்று சங்கக் கூட்டத்தில் முடிவு செய்யுங்கள்.

கேள்வி: நாளிதழ் நிறுவனத்துக்கே ஓராண்டுச் சந்தா கட்டிக் கூப்பன் வாங்கினேன். புது வீட்டுக்கு மாறியபின் இங்குள்ள முகவர் கூப்பனை ஏற்க மாட்டேன், ரொக்கம் கொடுங்கள் என்கிறார். நிறுவனத்துக்கு இருமுறை எழுதியும் பதில் இல்லை.

பதில்: உங்கள் நிலை முந்தைய இருவருடையதைவிட வலுவானது. பணம் வாங்கியது நிறுவனம். முகவர் மறுத்தார் என்பது அவர்களுக்குள் தீர்க்க வேண்டிய விஷயம். சந்தா விதிகளில் முகவரி மாற்றத்தைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய முகவரியில் சேவை தர இயலாது என்றால், மீதிக் காலத்துக்கான தொகையைத் திருப்பித் தரும்படி விரைவு அஞ்சலில் (ஸ்பீட் போஸ்ட்), பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து எழுதுங்கள். அதோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் பதியலாம்; பல நிறுவனங்கள் இந்தக் கட்டத்திலேயே இறங்கிவருகின்றன.

அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் ஆணையக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஒரே குறை பலருக்கு இருந்தால் ஆணையத்தின் அனுமதியோடு ஒரே புகாராகத் தொடுக்கவும் வழியுண்டு. சில நூறு ரூபாய்க்கு வழக்கா என்று தயங்குவது இயல்புதான், நானும் அதை முதல் வழியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் முழு ஆண்டுச் சந்தாவை வாங்கிக்கொண்டு கடிதத்துக்குப் பதில்கூடப் போடாத நிறுவனத்திடம் அந்தத் தயக்கம் தேவையில்லை.

கேள்வி: எங்கள் தெருவில் நாளிதழ் போடும் பையனுக்குப் பன்னிரண்டு வயதுதான் இருக்கும் போலிருக்கிறது. இதில் நான் தலையிடலாமா?

பதில்: தலையிடலாம். 14 வயது நிறைவடையாத பிள்ளையைக் கூலி வேலைக்கு அமர்த்துவதை 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சட்டம் எந்தத் தொழிலிலும் அனுமதிப்பதில்லை. திரைப்படம், தொலைக்காட்சி போன்றவற்றில் கலைஞராகப் பங்கேற்பதைத் தவிர்த்தால், பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் சொந்தக் குடும்பத் தொழிலுக்கு உதவுவது மட்டுமே விலக்கு. அந்தப் பையன் முகவரின் மகனா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால், பையனிடம் எதுவும் கேட்காமல் முகவரிடம் நேரில் சொல்லுங்கள். அதன்பிறகும் தொடர்ந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தெரிவியுங்கள்.