250 வாட் விளக்கில் 150 வாட் பல்பு மாட்டலாமா?

கேள்வி: எங்கள் அரிசி ஆலையில் நெல் காயவைக்கும் களத்துக்கு 250 வாட் சோடியம் விளக்குகள் நான்கு போட்டிருக்கிறோம். மின்கட்டணம் குறையட்டும் என்று 150 வாட் பல்புகளை வாங்கி மாட்டினேன். பிரகாசமாகவே எரிந்தன. இரண்டே மாதத்தில் இரண்டு போய்விட்டன. பல்பு தரமில்லாததா?

பதில்: பல்பின் மீது குற்றமில்லை. உள்ளே இருக்கும் சோக்கை நீங்கள் மாற்றவில்லை.

குண்டு பல்பு தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே அளந்து எடுத்துக்கொள்ளும். சோடியம் விளக்குக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. பற்றிக்கொண்ட பிறகு எவ்வளவு விட்டாலும் வாங்கும். அதற்குக் கடிவாளம் சோக்தான். 250 வாட் சோக் ஏறத்தாழ 3 ஆம்பியர் விடும். 150 வாட் பல்பு தாங்குவதோ 1.8 ஆம்பியர். ஆகவே உங்கள் சிறிய பல்பு இத்தனை நாளும் 250 வாட்டை ஒட்டியே இழுத்திருக்கிறது. கட்டணத்தில் மிச்சம் எதுவும் இருந்திருக்காது. பிரகாசமாக எரிந்ததற்கும் இதுவே காரணம்.

எனக்குக் கவலை தருவது வேறு. அளவுக்கு மீறிச் சூடேறும் பல்பு வெடிக்கக்கூடும். விளக்கின் முன்கண்ணாடி உடைந்திருந்தால், கொதிக்கும் சில்லுகள் கீழே நெல் கிளறுகிறவர்கள் மேல் விழும். மீதி இரண்டையும் இன்றே கழற்றிவிடுங்கள்.

150, 250, 400 வாட் மூன்றுக்கும் ஒரே அளவு மரை கொண்ட இ40 ஹோல்டர் என்பதால்தான் இந்தத் தவறு இவ்வளவு சுலபமாக நடக்கிறது. மரை பொருந்துவதைப் பார்த்து வாங்காதீர்கள். சோக்கின் மேல் அச்சிட்டிருக்கும் வாட்டைப் பாருங்கள். பெரிய பல்பைச் சிறிய சோக்கில் மாட்டினால் வெடிக்கும் பயம் குறைவு, ஆனால் மங்கலாகவே எரியும்.

150 வாட்டே போதும் என்றால் சோக், கெபாசிட்டர், பல்பு மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். விளக்கைப் பற்றவைக்கும் இக்னிட்டர் 150 வாட்டுக்கும் ஏற்றதா என்பது அதன் மேலேயே எழுதியிருக்கும். செலவைப் பார்த்தால், 100 அல்லது 120 வாட் எல்.இ.டி. விளக்குக்கு மாறுவதையே நான் சொல்வேன்; களத்துக்குப் பெரும்பாலும் அது போதும். பழைய கூட்டிலேயே எல்.இ.டி. பல்பு மாட்டுவதானால் சோக்கையும் இக்னிட்டரையும் இணைப்பிலிருந்து நீக்கியே ஆக வேண்டும். இக்னிட்டர் அனுப்பும் சில ஆயிரம் வோல்ட் துடிப்பு எல்.இ.டி.க்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் சர்க்யூட்டைப் பொசுக்கிவிடும்.

மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். ஆகவே இந்த வேலையை எலெக்ட்ரீஷியனிடமே விடுங்கள்.