தம்பியின் பையில் சிங்கப்பூருக்கு அனுப்பலாமா?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். இப்போது டவுனில் இருக்கிறோம். பெண் குழந்தைகளுக்குப் பட்டுப் பாவாடை சட்டை தைத்து ஷோப்பி இணையச் சந்தையில் விற்கிறேன். பழைய லயத்துத் தோழிகள் இரண்டு பேரும் கூடத் தைக்கிறார்கள். மாமியார் சுடும் முறுக்கும் நன்றாகப் போகிறது. சிங்கப்பூரிலிருந்து பலர் கேட்கிறார்கள். அங்கே வேலை செய்யும் தம்பி மாதா மாதம் வீட்டுக்கு வருவான். அவன் பையில் கொடுத்தனுப்பி விற்கலாமா? அமெரிக்காவுக்கும் அனுப்பச் சொல்கிறார் ஒரு சொந்தக்காரர்.

பதில்: அன்புச் சகோதரி, தம்பியின் பையை முதலில் மறந்துவிடுங்கள். அக்காவுக்காக அவர் சந்தோஷமாகச் சுமப்பார்; ஆனால் எல்லையில் சுங்கச் சோதனைச் சாவடியில் மாட்டிக்கொள்ளப்போவதும் அவர்தான். சிங்கப்பூர் வேலை பெர்மிட் வைத்திருப்பவருக்குப் பயணிகளுக்கான ஜிஎஸ்டி சலுகை கிடையாது. சலுகை உள்ளவர்களுக்கும் அது சொந்த உபயோகப் பொருளுக்குத்தான், விற்கும் சரக்குக்கு இல்லை. அறிவிக்காமல் கொண்டுபோய்ப் பிடிபட்டால் 9 விழுக்காடு ஜிஎஸ்டியோடு அபராதமும் வரும். அவர் பிழைப்பு அங்கே இருக்கிறது, அதில் கைவைக்க வேண்டாம்.

தபாலிலோ விமானக் கூரியரிலோ போகும் 400 சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) உட்பட்ட பார்சலுக்கு எல்லையில் ஜிஎஸ்டி வாங்குவதில்லை. 2023 ஜனவரியிலிருந்து, பதிவு பெற்ற பெரிய விற்பனைத் தளங்களே அந்த வரியை வாடிக்கையாளரிடம் வசூலித்துக் கட்டிவிடுகின்றன. தரைவழியில் போகும் சரக்குக்கு இந்த 400 வெள்ளி விலக்கு இல்லை.

ஆகவே ஷோப்பி வழியாகவே போங்கள். மலேசிய விற்பனையாளரின் பொருளைச் சிங்கப்பூர்த் தளத்திலும் காட்டும் ஏற்பாடு அவர்களிடம் உண்டு. நீங்கள் பார்சலை உள்நாட்டில் அவர்கள் சொல்லும் இடத்துக்கு அனுப்பினால் போதும், எல்லை தாண்டுவது அவர்கள் பொறுப்பு. தம்பி உதவ ஆசைப்பட்டால், அங்கே உங்கள் பொருள் என்ன விலைக்குத் தெரிகிறது, பக்கத்தில் வேறு யார் என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லட்டும். அந்தத் தகவல் உங்களுக்குப் பெரிய உதவி. எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவன ஆணையம்) வியாபாரப் பதிவு பற்றி நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் உடனே செய்துவிடுங்கள்; சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், கடைப் பெயர் வைத்தால் 60.

துணி வியாபாரத்தில் என்னைக் கவலைப்படுத்துவது வரி இல்லை, அளவுதான். '5 வயது' என்று மட்டும் போட்டு விற்காதீர்கள். மார்புச் சுற்றளவு, பாவாடை நீளம், இடுப்பு மூன்றையும் அங்குலத்தில் போடுங்கள். அளவு சரியில்லை என்று ஒரு செட் எல்லை தாண்டித் திரும்பி வந்தால், மூன்று நான்கு செட்டில் கிடைத்த லாபம் போய்விடும். சட்டைப் பக்கத் தையலில் ஒரு அங்குலம் துணி உள்ளே விட்டுத் தையுங்கள், பாவாடையில் ஒரு டக் (மடிப்புத் தையல்) வையுங்கள். பிரித்துவிட்டால் அடுத்த வருடமும் போடலாம் என்று படத்தோடு காட்டுங்கள். தாய்மார்களுக்கு அது பிடிக்கும். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே வெளிநாட்டு ஆர்டரை நிறுத்திவிடுங்கள். மூன்று பேர் கையால் தைக்கும் வேலை இது, தாமதமானால் பண்டிகைக்குப் புதுத்துணி இல்லாமல் ஒரு குழந்தை நிற்கும்.

அமெரிக்கா இப்போது வேண்டாம். 800 டாலருக்குள் வரியில்லாமல் பார்சல் போன காலம் 2025 ஆகஸ்டு 29-ஓடு முடிந்துவிட்டது.

அப்புறம் முறுக்கு. சிங்கப்பூரில் விற்பனைக்கு வரும் உணவை, அங்குள்ள உணவு முகமையான எஸ்எஃப்ஏ-யிடம் பதிவு பெற்ற உள்ளூர் நிறுவனம்தான் இறக்குமதி செய்ய முடியும். ஒவ்வொரு சரக்குக்கும் தனி பெர்மிட் வேண்டும். பாக்கெட்டில் பொருள்கள், எடை, தயாரான நாடு, அந்த இறக்குமதியாளரின் பெயர், முகவரி எல்லாம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். கோதுமை, பால், நிலக்கடலை சேர்ந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். இதனால் மனம் தளராதீர்கள். மாமியாரின் கைப்பக்குவத்துக்கு அங்கே நிச்சயம் ஆள் இருக்கிறது. முதலில் நம் சுகாதார அமைச்சு தரும் மெஸ்தி என்ற உணவுப் பாதுகாப்புச் சான்றிதழுக்கு மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் விசாரியுங்கள். அது கையில் வந்ததும், சிங்கப்பூர் லிட்டில் இந்தியா பலகாரக் கடைகளுக்குச் சரக்கு எடுத்துக் கொடுக்கும் மொத்த வியாபாரி ஒருவரிடம் மாதிரி பாக்கெட்டோடு பேசுங்கள். மாதம் எத்தனை கிலோ உங்களால் ஒரே பதத்தில் கொடுக்க முடியும் என்றுதான் அவர் முதலில் கேட்பார். அதற்கான கணக்கை மாமியாரோடு உட்கார்ந்து இப்போதே போட்டுவையுங்கள்.