பிளேர் மேய்ன் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப்போரில் உருவான பிரிட்டிஷ் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ். பற்றிய கட்டுரையில் அதன் அதிகாரி பிளேர் மேய்னை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அயர்லாந்துக்காக ரக்பி ஆடியவர், குடித்தால் கைநீட்டுபவர் என்றே எங்கும் படிக்கிறேன். மைதானத்து முரட்டுத்தனம்தான் போர்க்களத்தில் வீரமாயிற்றா? பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைக்காமல் போனதும் அதனால்தானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முரட்டுத்தனம் கட்டுக்கதையல்ல. மேய்ன் குத்துச்சண்டைப் பட்டம் வென்றவர். 1941 டிசம்பரில் லிபியாவின் தாமெத் விமானத்தளத்தைத் தாக்கியபோது, நின்றிருந்த விமானம் ஒன்றின் கருவிப்பலகையை வெறுங்கையால் பிடுங்கியதாகச் சொல்வார்கள். ஆனால் அதே மனிதர் பெல்ஃபாஸ்டில் சட்டம் படித்தவர் என்பதைக் கதைசொல்பவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். 1938இல் பிரிட்டன்-அயர்லாந்து கூட்டு ரக்பி அணியான பிரிட்டிஷ் லயன்ஸோடு தென்னாப்பிரிக்கா சென்று மூன்று டெஸ்டுகளிலும் அவர் ஆடியது, இரு அணியினரும் தோளோடு தோள் பிணைந்து தள்ளுகிற ஸ்க்ரம்மின் இரண்டாம் வரிசையில். பந்தோடு ஓடிக் கைதட்டல் வாங்குகிற இடமல்ல அது, முன்னால் நிற்பவருக்குத் தோள்கொடுத்துத் தள்ளுகிற இடம்.

1945 ஏப்ரலில் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் அருகே நடந்ததைப் பாருங்கள். கனடியக் கவசப்படைக்கு முன்னால் ஜீப்புகளில் சென்ற அவருடைய படைப்பிரிவு ஒன்று, சாலையோர வீடுகளிலிருந்தும் காட்டிலிருந்தும் வந்த சூட்டில் சிக்கியது. அதன் தலைவர் இறந்துவிட, மற்றவர்கள் சாலையோரப் பள்ளத்தில் முடங்கிக் கிடந்தார்கள். ரெஜிமெண்டின் தளபதியான மேய்ன் யாரையாவது அனுப்பியிருக்கலாம். அவரோ தானே ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனார். பின்னால் ஓர் இளம் அதிகாரி இயந்திரத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டிருக்க, பள்ளத்தருகே வண்டியை நிறுத்தி இறங்கி, காயம்பட்டவர்களை ஒவ்வொருவராகத் தூக்கி ஏற்றினார். வெறிகொண்டவன் இப்படி நிதானமாக ஆள்தூக்க மாட்டான் என்பது என் எண்ணம்.

இதற்காக விக்டோரியா கிராஸுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். கிடைத்ததோ, அதற்கு அடுத்த நிலையிலிருந்த டி.எஸ்.ஓ. விருது, நான்காம் முறையாக. அவருடைய சுபாவம்தான் காரணம் என்பது ஊகம். அதை உண்மையென்று எழுத எனக்குத் துணிவில்லை. 2005இல் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் இது அநீதி என்று தீர்மானத்தில் கையெழுத்திட்டார்கள். எனினும் விருது மாறவில்லை.

போருக்குப் பின் வட அயர்லாந்தின் வழக்கறிஞர் சங்கத்தில் செயலாளராக இருந்தார். 1955 டிசம்பரில், சொந்த ஊரான நியூட்டவுனார்ட்ஸில், நின்றிருந்த லாரியில் கார் மோதி இறந்தபோது வயது 40. படையில் இருந்த காலத்தில் வந்த முதுகுவலி அவரை விடவேயில்லை. பார்வையாளராக அமர்ந்து ஒரு ரக்பி ஆட்டத்தைப் பார்க்கக்கூட அது அனுமதிக்கவில்லை.