முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாமா?

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் கேம் ஆடுவீர்கள் என்று எங்கோ சொல்லியிருந்ததால் துணிந்து எழுதுகிறேன். 'எல்.ஏ. நுவார்' இப்போதுதான் முடித்தேன். 1947-ஆம் வருட லாஸ் ஏஞ்சலஸ், கோல் ஃபெல்ப்ஸ் என்ற போலீஸ்காரர், தடயம் தேடுவது, ஆட்களை விசாரிப்பது. 2011-இல் வந்த கேமில் இப்படி முகங்களா என்று வியந்துபோனேன். பொய் சொல்கிறவனின் கண் அலைவது வரை தெரிகிறது! ஆனால் காரோட்டி அலுத்துவிட்டது. துரத்தல், சண்டை எல்லாம் ஒரே மாதிரி. விசாரணையில் ஒருவர் பதில் சொன்னதும் 'உண்மை', 'சந்தேகப்படு', 'பொய்' என்று மூன்று பட்டன்; அதில் 'சந்தேகப்படு' என்று அழுத்தினால் ஃபெல்ப்ஸ் காட்டுக்கத்தல் கத்துகிறார். நெட்டில் ஒரு வாக்த்ரூவை (எங்கே என்ன செய்ய வேண்டும் என்று யாரோ எழுதி வைத்த விடைக்குறிப்பு) திறந்து வைத்துக்கொண்டு எல்லா விசாரணையையும் சரியாக முடித்தேன். பெரும்பாலும் ஐந்து ஸ்டார். அப்படியும் கொலைப் பிரிவு வழக்குகளில் நான் பிடித்தவர்கள் யாருமே கொலைகாரர்கள் இல்லை என்று கடைசியில் சொல்லிவிட்டார்கள். ஏமாற்றமாக இருந்தது. இது கதையின் குறைதானே? துப்பறியும் கேம்களில் இதை எந்த இடத்தில் வைப்பீர்கள்?

கே.

அன்புள்ள கே.,

எந்த இடத்தில் வைப்பது என்பதைப் பிறகு பார்க்கலாம். 'பொய் சொல்கிறவனின் கண் அலைவது வரை தெரிகிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியிலேயே நான் நின்றுவிட்டேன். கொஞ்ச நாளாக எனக்கு இதே எரிச்சல். ஏதோ ஒரு வழக்கில் பிடிபட்ட ஒருவரை வேனிலிருந்து இறக்கிக் கூட்டிப்போகிற வீடியோ எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவுக்கு வந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு போகிறார், அவ்வளவுதான். உடனே வரிசையாகத் தீர்ப்பு. 'மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே', 'திருட்டு முழி'. என்ன வழக்கு என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. அந்தக் குழுவில் இருப்பவர்கள் பாவம், கேம் ஆடாதவர்கள். நீங்கள் ஆடிவிட்டும் அதையே சொல்கிறீர்கள்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். காரோட்ட அலுப்பாக இருந்தால் கூட வரும் ஆளிடம் ஓட்டச் சொல்லலாம், அதற்கு வழி இருக்கிறது. நான் ஊர் பார்க்கவே ஓட்டினேன். அந்தக் காலத்தில் விமானத்திலிருந்து எடுத்த படங்களை வைத்துத் தெருத்தெருவாகக் கட்டியிருக்கிறார்கள். துரத்தலும் சுடுவதும் சுமார்தான், சரி. காட்டுக்கத்தல் ஊரறிந்த கேலி. 2017-இல் மறுபடி வெளியிட்டபோது பட்டன்களின் பெயரையே 'நல்ல போலீஸ்', 'கெட்ட போலீஸ்', 'குற்றம் சாட்டு' என்று மாற்றிவிட்டார்கள்.

முகத்துக்கு வருகிறேன். இந்த கேமைச் செய்த, சிட்னியில் இருந்த டீம் போண்டி என்ற நிறுவனம், நடிகரை நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றிலும் 32 கேமராக்களை நிறுத்தி முகத்தைப் பிடித்தது. உடம்பு அசைவைத் தனியாக எடுத்து ஒட்டினார்கள். முகம் அவ்வளவு உயிரோடு இருக்கும்போது கழுத்துக்குக் கீழே கொஞ்சம் விறைப்பாகத் தெரிவது அதனால்தான். வேலை பிரமாதம், அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் என்ன செய்தார் என்று யோசியுங்கள். பொய் சொல்கிறவராக நடித்தார். அதுவும் சோபாவில் கன்ட்ரோலரோடு உட்கார்ந்திருக்கும் உங்களுக்குப் பிடிபடுகிற மாதிரி நடித்தாக வேண்டும். அதனால் கண்ணை உருட்டுகிறார், எச்சில் விழுங்குகிறார், வாயைக் கோணுகிறார். உண்மை சொல்கிறவர் சமர்த்தாக நேரே பார்க்கிறார். உலகத்தில் எவன் இப்படிப் பொய் சொல்கிறான்? என் சித்தப்பா ஒருவர் சொத்து விஷயத்தில் எங்கள் எல்லோரையும் ஏமாற்றியபோது என் கண்ணையே பார்த்துக்கொண்டு பேசினார். அவ்வளவு கனிவாக அதற்கு முன்னால் அவர் என்னிடம் பேசியதில்லை.

சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்று இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் ஒரு வேலை செய்தார்கள். ஒருவர் சொல்வது உண்மையா பொய்யா என்று பார்த்தும் கேட்டும் கண்டுபிடிக்கச் சொன்ன பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டினார்கள். கண்டுபிடிக்க உட்கார்ந்தவர்கள் மொத்தம் 24,000-க்கும் மேல். சராசரியாக 100-க்கு 54 தடவை சரியாகச் சொன்னார்கள். காசைச் சுண்டிப்போட்டாலே 50 வரும். இதையே தொழிலாகச் செய்கிறவர்களும் சாதாரண ஆட்களைவிட மேலாக இல்லை. ஆனால் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியும் என்ற நம்பிக்கை மட்டும் எல்லோருக்கும் இருக்கிறது. உங்களுக்கும், எங்கள் வாட்ஸப் குழுவுக்கும்.

எனக்கு இதில் சொந்தக் கணக்கு ஒன்று உண்டு. ஏழாவது படிக்கும்போது வகுப்பில் சுற்றுலாவுக்கு வசூலித்த பணத்தில் ஐம்பது ரூபாய் குறைந்தது. டீச்சர் எங்களை வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். 'எடுத்தவ மூஞ்சி தானா காட்டிக்குடுத்துரும்' என்றார். என் மூஞ்சி காட்டிக்கொடுத்தது. வேர்த்துக் கொட்டியது, தலை நிமிரவில்லை, கேட்டதற்குப் பதில் வரவில்லை. விஷயம் என்னவென்றால் நான் சுற்றுலாவுக்குப் பணமே கட்டவில்லை. அப்பாவுக்கு அந்த மாதம் சம்பளம் வரவில்லை. 'பஸ்ல போனா வாந்தி வரும், அதான் வரலன்னு சொல்லிரு' என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். எங்கே அந்தக் கேள்வி வந்துவிடுமோ என்றுதான் எனக்கு நடுக்கம். டீச்சர் கண்ணில் பட்டது நிஜம்தான், நான் ஒன்றை ஒளித்துக்கொண்டிருந்தேன். எதை என்று எப்படித் தெரியும்? மத்தியானம் வரை வெளியே நின்றேன். பிறகு பணம் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டருக்குள்ளேயே கிடைத்தது. 'சரி, போய் உக்காரு' என்றார்.

அந்த டீச்சரிடம் இல்லாதது ஃபெல்ப்ஸின் நோட்டுப் புத்தகம். அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. இந்த கேமில் ஒருவரைப் பார்த்து 'பொய்' என்று சொன்னால் உடனே நோட்டைத் திறந்து எந்தச் சான்றை வைத்துச் சொல்கிறாய் என்று காட்டியாக வேண்டும். காட்டத் தெரியாவிட்டால் விசாரணை கையைவிட்டுப் போகும். ஆரம்பத்தில் ஒரு வழக்கு வருமே, ரத்தம் தோய்ந்த கார் கிடக்கிறது, ஓட்டி வந்தவரைக் காணோம். ஆளைக் கொன்றுவிட்டார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் உயிரோடு ஒரு பன்றி வாங்கிய ரசீது கிடைக்கிறது, அதில் காணாமல்போனவரின் நண்பர் ஒருவரின் பெயர். காரில் இருந்தது பன்றி ரத்தம். ஆள் மனைவியைவிட்டு ஓடிப்போவதற்காகச் செத்த மாதிரி நாடகம் ஆடியிருக்கிறார். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நண்பரிடம் பேசுகிற இடம்தான் துப்பறிதல். அவர் முகம் எப்படிப் போனால் நமக்கென்ன?

முகத்தையே கிட்டத்தட்ட எடுத்துவிட்ட ஒரு கேம் இருக்கிறது. 2018-இல் லூகஸ் போப் பெரும்பாலும் தனியாளாகச் செய்த 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்'. 1807-இல் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் ஆளில்லாமல் திரும்பி வருகிறது. அதில் போன 60 பேரும் யார் யார், என்ன ஆனார்கள் என்று கணக்கு எழுத வேண்டும். படம் முழுக்கக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள். ஒருவர் படுத்திருந்த தொங்குபடுக்கையின் எண், யாரோடு நிற்கிறார், எந்த ஊர்ப் பேச்சு பேசுகிறார் என்பதை வைத்துத்தான் பிடிக்க முடியும். இந்தியாவிலிருந்து போன மாலுமிகளும் அதில் உண்டு. மூன்று பேரின் கணக்கு சரியாக விழும்வரை கேம் வாயைத் திறக்காது. எல்.ஏ. நுவாரிலோ நீங்கள் பட்டனை அழுத்திய நொடியே சரி, தப்பு என்று ஒரு இசைத்துணுக்கு சொல்லிவிடுகிறது. ராத்திரி படுக்கையில் புரண்டுகொண்டு 'அந்த ஆள் சொன்னது உண்மையோ' என்று யோசிக்க வழியே இல்லை.

உங்களுக்கு அந்த இசைக்குக் காத்திருக்கும் பொறுமைகூட இல்லை, வாக்த்ரூ. தம்பி, நீங்கள் காசு கொடுத்து வாங்கியது தப்பு செய்வதற்கான இடம். பரீட்சையிலும் வேலையிலும் தப்பு செய்ய நமக்கு யாரும் இடம் கொடுப்பதில்லை, பயம் எனக்குப் புரிகிறது. அதற்காக இதிலுமா? யாரோ எழுதி வைத்த விடையைப் பார்த்து எழுதிவிட்டு 'ஏமாற்றம்' என்று கடிதம் போடுகிறீர்கள்.

கொலைப் பிரிவு வழக்குகள் குறை என்கிறீர்கள். எனக்கு அந்த கேமில் பிடித்ததே அதுதான். 1947 ஜனவரியில் எலிசபெத் ஷார்ட் என்ற பெண்ணை லாஸ் ஏஞ்சலஸில் கொன்றார்கள், பத்திரிகைகள் 'பிளாக் டாலியா' என்று பெயர் வைத்தன. இன்றுவரை கொலைகாரன் யாரென்று நிரூபணம் ஆகவில்லை. நான்தான் செய்தேன் என்று தாங்களாகவே போலீஸிடம் வந்து சொன்னவர்களே பல பேர், அத்தனையும் பொய். கேம் தன் கற்பனைக் கொலைகாரனை இந்த வழக்கோடு முடிச்சுப் போடுகிறது. அவன் தடயங்களை அடுத்தவர் தலையில் வைத்துவிட்டுப் போகிறான், நீங்கள் அழகாகப் பொறுக்கி ஆட்களைப் பிடிக்கிறீர்கள். ஐந்து வழக்கு, ஐந்து கைது. கேப்டன் பாராட்டுகிறார், ஸ்டார் விழுகிறது. அந்தக் காலக் கலிஃபோர்னியாவில் கொலைக்குத் தண்டனை விஷவாயு அறை என்பதை மறந்துவிடாதீர்கள்.

'கோல்டன் பட்டர்ஃபிளை' வழக்கில் செத்துப்போன பெண்ணின் கணவர் மோலர், சிறுமிகளிடம் தவறாக நடந்த ரூனி என்று இரண்டு பேர் நிற்பார்கள். இரண்டு பக்கமும் சான்று இருக்கிறது. யார் மேல் வழக்குப் போடுவது என்பதை நம்மிடம் விடுகிறார்கள். கேப்டனுக்கு ரூனி வேண்டும், ஏனென்றால் அவன் எப்படியும் உள்ளே இருக்க வேண்டியவன். மோலரை அனுப்பினால் கேப்டன் கத்துகிறார். இரண்டு பேருமே அந்தக் கொலையைச் செய்யவில்லை! ஒரு போலீஸ் ஸ்டேஷன் எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிட நன்றாகச் சொன்ன கேம் எனக்குத் தெரியாது. குறை அதற்குப் பிறகு வருகிறது. உண்மை தெரிந்ததும் கேம் அந்த ஸ்டார்களைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. பிடிபட்டவர்களைச் சத்தமில்லாமல் விட்டுவிடுவார்கள் என்று ஒரு பேச்சோடு சரி, ஃபெல்ப்ஸ் அடுத்த பிரிவுக்குப் பதவி உயர்வில் போய்விடுகிறார். மோலருக்கு ஒரு மகள் உண்டு. ஃபெல்ப்ஸ் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுகிற காட்சி ஒன்றாவது வைத்திருக்க வேண்டாமா? நீங்கள் புகார் சொல்ல வேண்டிய இடம் இது.

அந்த ஒரு வழக்கை மட்டும் மறுபடி ஆடுங்கள். நெட்டை மூடிவிட்டு, டிவி சத்தத்தையும் குறைத்துவிட்டு, சப்டைட்டில் போட்டுக்கொண்டு. இரண்டு பேரில் யாரை அனுப்பினீர்கள், எந்தச் சான்றை நம்பி என்று எழுதுங்கள். கடிதத்தில் கண், புருவம், எச்சில் என்று ஒரு வரி வந்தாலும் பதில் போட மாட்டேன்.